மென்பொருள் இலவசம், சாவி யாரிடம்?

பல்கலைக்கழக வெப்சைட்டுகளுக்குள் ஒரு சுற்று

"விண்ணப்பிக்கக் கடைசி தேதி: ஜூலை 31."

செல்போனில் சிவப்பு எழுத்தில் இப்படித்தான் இருந்தது. பக்கத்தில் "புதியது" என்ற சொல் மின்மினிப் பூச்சி போல் விட்டு விட்டு மின்னியது. அதை நம்பி 24-ந் தேதி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். பத்தாம் வகுப்போடு ரெயில்வேக்கு வந்தவன் நான். அஞ்சல் வழியில் ஒரு சான்றிதழ்ப் படிப்பாவது முடிக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

வரிசையில் எனக்கு முன்னால், தாராவியில் தோல் பை தைக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் நின்றார். கூடவே 12-ம் வகுப்பு முடித்த மகள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

கவுண்ட்டரில் இருந்தவர் பாரத்தைத் திருப்பித் தள்ளினார்.

"சேர்க்கை 15-ந் தேதியே முடிந்துவிட்டது."

இருவரும் செல்போனைக் காட்டினோம். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அது போன வருஷத்து நோட்டீசு."

"அப்படியானால் ஏன் இன்னும் எடுக்கவில்லை?"

"எடுக்கிற ஆள் வேலையை விட்டுப் போய் 8 மாதம் ஆகிறது. பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது."

அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் என்னைப் போல் ஒரு குமாஸ்தாதானே!

எனக்கு ஒரு வருஷம் போனால் பெரிய நஷ்டம் இல்லை. அந்தப் பெண் இப்போது ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். நம் ஜனங்களின் வீட்டில், பெண் பிள்ளையின் படிப்புக்கு "அடுத்த வருஷம்" என்றால் என்ன அர்த்தம் என்பது வாசகர்களுக்குத் தெரியாதது அல்ல.

லோக்கல் ரெயிலில் பாடம்

இந்தக் கதையைக் கல்யாண் லோக்கலில் என்னோடு தினமும் வரும் ஒரு தம்பியிடம் சொன்னேன். நாசரேத் பக்கத்துப் பையன். வேறொரு கல்வி நிலையத்தில் ஒப்பந்த அடிப்படையில் வெப்சைட்டு பார்க்கும் வேலை. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, அது டிரூபல் 7 ஆக இருக்கும். பார்த்தாலே தெரியும்."

"டிரூபலா? அது என்ன, கம்பெனி பெயரா?"

"கம்பெனி இல்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை. அதனால்தான் இந்தத் தொல்லை!"

காசு இல்லாத பொருளால் என்ன தொல்லை? தாதரில் அவர் இறங்கும் வரை கேட்டுக்கொண்டே வந்தேன். பிறகு பல நாள் கேட்டேன். நானும் தேடிப் படித்தேன். படித்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

விடுதியில் பிறந்தது

பெல்ஜியம் நாட்டில் ஆன்ட்வெர்ப் என்று ஒரு துறைமுக நகரம். 2000-ம் ஆண்டில் அங்கே பல்கலைக்கழக மாணவர்களுக்கு நிரந்தர இன்டர்நெட் இணைப்பு என்பது கிடைத்தற்கரிய பொருள். டிரீஸ் பைட்டார்ட், ஹான்ஸ் ஸ்னைடர் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஹான்சிடம் இருந்த ஒரே இணைப்பை, விடுதிகளுக்கு இடையே கம்பியில்லாத் தொடர்பு போட்டு, 8 பேர் பகிர்ந்துகொள்ள வழி செய்தார்கள். (நம் பையன்கள் ஆன்டாப் ஹில்லில் ஒரே அறையில் 8 பேர் தங்கி ஒரு "வைபை"க்குக் காசு பிரித்துக் கொடுப்பது நினைவுக்கு வருகிறது.)

இணைப்பு இருக்கிறதா, அறுந்துவிட்டதா, இன்று ராத்திரி சாப்பாடு எங்கே என்று ஒருவருக்கொருவர் எழுதி வைக்க ஒரு பலகை தேவைப்பட்டது. அதற்காக டிரீஸ் எழுதிய சின்ன புரோகிராம்தான் இதற்கெல்லாம் ஆரம்பம்.

படிப்பு முடிந்து பிரிந்தபோது, தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று அந்தப் பலகையை இன்டர்நெட்டில் ஏற்ற நினைத்தார்கள். "டார்ப்" என்ற பெயரைப் பதிவு செய்ய விரும்பினார் டிரீஸ். டச்சு மொழியில் அதற்கு "கிராமம்" என்று பொருள். அடிக்கும்போது எழுத்து இடம் மாறி "டிராப்" ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அது "துளி". சரி, துளியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். 2001 ஜனவரியில் அந்தப் புரோகிராமை உலகத்துக்குத் திறந்துவிட்டபோது, துளிக்கு உரிய டச்சுச் சொல்லான "துருப்பல்" என்பதில் இருந்து "டிரூபல்" என்ற பெயர் வந்தது.

எழுத்துப் பிழையில் பெயர் பெற்ற அந்தத் துளி, பிற்பாடு பல பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் துறைகளுக்காக "மொசைக்" என்ற பெயரில் ஏற்படுத்திய ஏற்பாடும், ஹார்வார்டில் பேராசிரியர்களின் பக்கங்களுக்காக உருவான "ஓப்பன்ஸ்காலர்" என்ற ஏற்பாடும் டிரூபல் மீது கட்டப்பட்டவையே. நம் நாட்டில் 2012-ல் மத்திய அரசு ஆரம்பித்த பொதுத் தகவல் தளத்துக்கும் இதுவே அஸ்திவாரம்.

சட்டமும் சரக்கும்

பழைய காலத்தில் வெப்சைட்டு என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து குறியீடுகளோடு எழுத வேண்டும். தமிழ்த் துறையில் ஒரு கருத்தரங்கு என்றால், நோட்டீசை அந்த ஒருவரிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் லீவில் போனால் கருத்தரங்கு முடிந்த பிறகுதான் நோட்டீசு வரும்.

டிரூபல் போன்றவற்றை "உள்ளடக்க மேலாண்மை அமைப்பு" என்கிறார்கள். வாயில் நுழையாத பெயர், விஷயம் எளிது. ஸ்டேஷனில் ரெயில் நேரம் காட்டும் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். போர்டின் சட்டம் ஒரே மாதிரி இருக்கும். வண்டி எண், நேரம், பிளாட்பாரம் மட்டும் மாறும். அதுபோல இதில் தோற்றம் வேறு, சரக்கு வேறு. சரக்கு முழுவதும் ஒரு தகவல் கிட்டங்கியில் இருக்கும். துறைக் குமாஸ்தா தன் பெயரில் உள்ளே நுழைந்து, பாரத்தை நிரப்புவது போல் தலைப்பு, தேதி, செய்தி என்று நிரப்பினால் போதும். பக்கம் தானாக அமைந்துவிடும்.

யார் எதைத் தொடலாம் என்றும் வகுத்து வைக்கலாம். வேதியியல் துறைக்காரர் வேதியியல் பக்கத்தை மட்டும். பரீட்சைப் பிரிவுக்காரர் ரிசல்டை மட்டும். யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்று பழைய பிரதிகளையும் சேர்த்து வைக்கலாம்.

ரிசல்டு நாளில் லட்சம் பேர் மோதுவதற்கும் ஒரு வழி உண்டு. எங்கள் மூத்த குமாஸ்தாக்கள் அட்டை டிக்கெட்டைப் பற்றிச் சொல்வார்கள். கூட்டம் போகும் ஊர்களுக்கு முன்கூட்டியே அச்சடித்த அட்டை அடுக்கில் இருக்கும். தேதி குத்திக் கொடுத்தால் போதும். எப்போதோ ஒருவர் போகும் ஊருக்குத்தான் வெற்றுத் தாளில் கையால் எழுத வேண்டும். டிரூபலும் அப்படித்தான். எல்லாரும் கேட்கும் பக்கத்தை ஒரு முறை தயாரித்து, அதையே அத்தனை பேருக்கும் கொடுக்கும்படி வைக்கலாம். வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றைக் கேட்டபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நோட்டீசு எந்த நாளில் தோன்ற வேண்டும், எந்த நாளில் மறைய வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவிடும் இணைப்பு ஒன்று டிரூபலுக்கு உண்டாம். "ஷெட்யூலர்" என்று பெயர். அதுவும் இலவசம். ஜூலை 31-க்குப் பிறகு அந்த நோட்டீசு தானாகவே போயிருக்கும். ஒரு பெட்டியில் ஒரு தேதி போடாததால் ஒரு பெண்ணின் ஒரு வருஷம் போனது.

இலவசமும் கட்டற்றதும்

ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்ற ஒரே சொல்லுக்குக் காசு இல்லாதது என்றும் பொருள், கட்டு இல்லாதது என்றும் பொருள். அதனால் அவர்கள் வருஷக்கணக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. "இலவசம்" வேறு, "கட்டற்ற மென்பொருள்" வேறு.

டிரூபல் கட்டற்றது. எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமைகளைச் சட்டப்படி உறுதி செய்யும் அனுமதிப் பத்திரத்தோடுதான் அது வருகிறது. அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு இதைவிட ஏற்றது எது? ஒரு கம்பெனியிடம் மாட்டிக்கொண்டு வருஷா வருஷம் லைசென்சு கட்ட வேண்டியதில்லை. 2015-ல் மத்திய அரசே, தன் அலுவலகங்களில் இத்தகைய மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கொள்கை வகுத்தது.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், "காசு இல்லை" என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "ஆளும் வேண்டாம்" என்று பட்ஜெட்டு போடுகிறார்களே, அங்கேதான். மென்பொருளுக்குக் கொடுக்காத பணத்தை, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுத்தாக வேண்டும். 11 மாத ஒப்பந்தத்தில் ஒருவரை வைத்து, அவரே வெப்சைட்டும் பார்க்கட்டும், பிரிண்டரும் ரிப்பேர் செய்யட்டும், விழாவுக்குப் புரொஜெக்டரும் தூக்கட்டும் என்றால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதற்கு 2014-ல் நடந்ததே சாட்சி.

ஏழு மணி நேரம்

15-10-2014 அன்று டிரூபல் பாதுகாப்புக் குழுவினர் ஒரு எச்சரிக்கை வெளியிட்டார்கள். டிரூபல் 7-ல் ஒரு ஓட்டை இருக்கிறது. யார் வேண்டுமானாலும், பாஸ்வேர்டு இல்லாமலே, தகவல் கிட்டங்கிக்குள் கையை விடலாம். உடனே அடையுங்கள் என்பது அதன் சாரம். ஓட்டை 2011-ல் அந்தப் பதிப்பு வெளிவந்த நாள் முதலே இருந்தது. அதை அடைக்க மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரிதான்!

இரண்டு வாரம் கழித்து, 29-ந் தேதி, இன்னொரு அறிக்கை வந்தது. முதல் எச்சரிக்கை வந்த 7 மணி நேரத்துக்குள் ஓட்டையை அடைக்காத ஒவ்வொரு டிரூபல் 7 தளத்திலும் திருடன் புகுந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றது அது.

அந்த 7 மணி நேரத்தை நம் கடிகாரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி 9-30 மணிக்கு ஆரம்பித்து, விடியற்காலை 4-30 மணிக்கு முடிந்திருக்கிறது! இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழக அலுவலகம் அந்த நேரத்தில் விழித்திருக்கும்? ரெயில்வேயில் நைட் டூட்டி உண்டு. பல்கலைக்கழகத்தில் வாட்ச்மேன் மட்டும்தான் உண்டு.

இன்னொரு வேடிக்கையும் அந்த அறிக்கையில் இருந்தது. "நீங்கள் அடைக்காமலே ஓட்டை அடைபட்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அதுவே திருடன் வந்ததற்கு அடையாளமாக இருக்கலாம்" என்ற பொருளில் எச்சரித்திருந்தார்கள். உள்ளே புகுந்தவன், வேறு திருடன் வரக் கூடாது என்று தானே பூட்டுப் போட்டுக்கொள்வானாம்!

இதில் பாடம் கற்று, 2018-ல் அடுத்த பெரிய ஓட்டை தெரிந்தபோது, "மார்ச் 28-ந் தேதி மருந்து தருகிறோம், ஆட்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாரம் முன்பே அறிவித்தார்கள். மருந்தும் சொன்ன நாளில் வந்தது. அப்படியும் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு ஆராய்ச்சியாளர் எண்ணிப் பார்த்தபோது, 1 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் அதிகமான தளங்கள் மருந்து போடாமலே கிடந்தன. திருடர்கள் அத்தகைய தளங்களுக்குள் புகுந்து, பார்க்க வருகிறவர்களின் கம்ப்யூட்டரைக் கொண்டே தங்களுக்கு டிஜிட்டல் நாணயம் தோண்டிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத் தளங்களும் தப்பவில்லை.

"எங்கள் கல்லூரி வெப்சைட்டில் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்கும் முதல்வர்கள் உண்டாம். தம்பி சொன்ன பதில்: "பெயர் இருக்கிறது, சார்!" கல்வி நிலையங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட முகவரியைத் தேடுபொறிகள் நம்புகின்றன. அந்த மதிப்புக்காகவே, யாரும் கவனிக்காத கல்லூரிப் பக்கங்களுக்கு அடியில் சூதாட்ட விளம்பரங்களை ஒளித்து வைக்கிறார்கள். முதல்வர் பார்க்கும் பக்கம் சுத்தமாக இருக்கும். மாணவி தேடும்போது ரம்மி வரும்.

டிரூபல் 7-க்கு என்ன ஆயிற்று?

5-1-2011-ல் பிறந்த டிரூபல் 7, சரியாக 14 வருஷம் கழித்து 5-1-2025-ல் ஓய்வு பெற்றது. அதாவது, அந்தத் தேதிக்குப் பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் டிரூபல் குழுவினர் மருந்து தர மாட்டார்கள். முதலில் 2021 நவம்பரோடு முடிப்பதாக இருந்தது. உலகம் முழுவதும் "இன்னும் மாறவில்லை, இன்னும் மாறவில்லை" என்று கைபிசைந்ததால் தள்ளித் தள்ளிப் போட்டார்கள்.

அடுத்த பதிப்புக்கு மாறுவதில் அப்படி என்ன கஷ்டம்? 7-ல் இருந்து 8-க்குப் போவது, மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதை ஆக்குவது போல. 2015 நவம்பரில் வந்த டிரூபல் 8-ல் உள்கட்டுமானத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய பெட்டிகள் புதுப் பாதையில் ஓடாது. தளத்தைப் புதிதாகக் கட்டி, சரக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். 8-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் இந்தச் சிரமம் குறைவு. ஆனால் முதல் மாற்றத்துக்கே ஆள் இல்லாத இடங்கள் அப்படியே நின்றுவிட்டன.

இதில் டிரூபல்காரர்களையும் நான் முழுவதும் விடுவதாக இல்லை. கை நிறையப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கு அந்த மாற்றம் தாங்கும். ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு தள்ளாடும் இடத்துக்கு அது பேரிடி. அதனால் பல சிறிய கல்லூரிகள் "வேர்டுபிரஸ்" பக்கம் போய்விட்டன. 2003-ல் வந்த அதுவும் கட்டற்றதே, பழகுவதற்குச் சுலபம். ஆனால் அதிலும் கண்ட கண்ட இணைப்புகளை மாட்டிவிட்டு, புதுப்பிக்காமல் விட்டால் இதே கதிதான். வீடு மாறினால் போதுமா?

பொறுப்பு ஒப்படைப்பு

ரெயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டு முடிந்து எழுந்திருக்கும் குமாஸ்தா, டிக்கெட்டின் தொடக்க எண், முடிவு எண், கையிருப்புப் பணம் எல்லாவற்றையும் எழுதி, அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் போக முடியும். மாற்றலாகிப் போனால் இன்னும் பெரிய பட்டியல். சாவி ஒன்று குறைந்தாலும் விட மாட்டார்கள்.

லட்சக்கணக்கான மாணவர்கள் பார்க்கும் வெப்சைட்டுக்கு இப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று தம்பியிடம் கேட்டேன்.

"நான் சேர்ந்தபோது ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்தார்கள், அண்ணாச்சி. அதுவும் தப்பு!"

அப்புறம் அவரே முட்டி மோதி உள்ளே போயிருக்கிறார். எந்தச் சர்வர், எந்தப் பதிப்பு, எந்தெந்த இணைப்பு, பிரதி எங்கே எடுத்து வைத்திருக்கிறது, முகவரிப் பதிவை எப்போது புதுப்பிக்க வேண்டும், எந்தத் துறையில் யாரிடம் நுழைவுரிமை இருக்கிறது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறார். 80 பக்க நோட்டு, முக்கால்வாசி நிரம்பிவிட்டது. யாரும் எழுதச் சொல்லவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

வெப்சைட்டில் தேதியைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி நான் ஏமாந்தது போல் நீங்கள் ஏமாற வேண்டாம். தேதிக்குப் பக்கத்தில் வருஷம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தின் அடியில் "கடைசியாகப் புதுப்பித்த நாள்" இருக்கும். அதையும் அப்படியே நம்பாதீர்கள். சில தளங்களில் அது தினமும் தானாகவே இன்றைய தேதியைக் காட்டும். போன் செய்து கேளுங்கள். விளம்பரப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, அரசு சார்ந்த நிறுவனங்கள் தங்கள் விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும் என்கிறது. பழைய நோட்டீசால் பாதிக்கப்பட்டவர்கள் எழுதிக் கேட்கலாம். நான் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு இந்த வேலையில் ஆர்வம் இருந்தால், நம் பவாய் ஐ.ஐ.டி.யின் "ஸ்போக்கன் டுட்டோரியல்" திட்டத்தில் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. டிரூபல் பாடமும் அந்த வரிசையில் உண்டு. தமிழ் உள்பட இந்திய மொழிகளில் குரல் சேர்த்திருக்கிறார்கள். எல்லாப் பாடமும் எல்லா மொழியிலும் இல்லை. தாராவிக்காரரின் மகளிடம் இதைச் சொன்னேன். துணிக்கடை விட்டு வர ராத்திரி 10 மணி ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றாள்.

தம்பியின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று இதுவரை சொல்லவில்லை. நோட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று இரண்டு முறை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். யாரிடம் ஒப்படைப்பது என்பதற்குப் பதில் வரவில்லை. நேற்றும் அந்த நோட்டு அவர் பையில்தான் இருந்தது.